ஜோஸப் பிராமா: பூட்டும் நீர்விசையும்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் அம்மான் தம் மோட்டார் வண்டியில் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். அவ்வண்டி தானியங்கிக் கியர் அமைந்தது. ஓட்டுவோனது இடக்காலுக்கு அதன்கண் வேலையே இல்லை. மூன்றாம் நாட்காலை அவர் ஊருக்குப் புறப்பட முற்பட்டபோது கியர்த்தண்டு, வண்டியை நிறுத்தி வைத்தற்குரிய ‘பி’ என்னும் நிலையினின்று அசைய மறுத்தது. திறவுகோலைத் திருப்பியவுடன் எஞ்சின் முழங்கிற்று. பிரேக்கை மிதித்துத் தண்டை இழுத்தாலோ அது மலைபோல் நின்றது. பட்டறைக்கு ஆளனுப்புக என்றனர் வீட்டார். அம்மான் அதற்கு இசையாது, வண்டியோடு வந்த கைப்புத்தகத்தை எடுத்துவரச் செய்து, என்னைப் பின்புறம் நின்று பார்க்குமாறு பணித்துப் பிரேக்கை மிதித்தார். பின்னாலுள்ள செவ்விளக்குகள் எரிந்தில. அதனைக் கூறினேன். அவர் முகம் மலர்ந்தது. விளக்கு எரியாமைக்கும் தண்டு அசையாமைக்கும் என்ன தொடர்போ என யான் திகைத்து நிற்க, அவர் பியூஸ் பெட்டியைத் திறந்து, கருகிய பியூஸ் ஒன்றைக் களைந்து, அதே அளவுள்ள வேறொன்றைச் செருகினார். விளக்கும் எரிந்தது, ‘டிக்’கென்றோர் ஓசை எழத் தண்டும் இறங்கி வந்தது.

அதன்பின்னும் அவர் வாளா புறப்பட்டாரல்லர். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, முன்னும் பின்னும் ஒருவரும் நில்லாவாறு விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சோதிக்கலாயினார். பிரேக்கை மிதியாமல் தண்டை இழுத்தார், வரவில்லை, வரவும் கூடாது. முன்செல்லும் நிலையில் தண்டை வைத்துப் பிரேக்கை அழுத்தி மிதித்தவாறே எஞ்சினைக் கிளப்ப முயன்றார், கிளம்பவில்லை. அந்நிலையிலேயே திறவுகோலை உருவிப் பார்த்தார். அது துளையை விட்டு வர மறுத்தது. பின்னர்த் தெருக்கோடியிலுள்ள சிறு சரிவில் நிறுத்தி, ‘பி’ நிலையில் வைத்து, பிரேக்கினின்று காலை மெல்ல எடுத்தார். வண்டி ஒரு விரற்கடை நகர்ந்து, உடனே நின்றது. உள்ளே பல்லாழி ஒன்றன் பற்களினிடையே இரும்புக் கொக்கியொன்று வீழ்ந்து சக்கரங்களைப் பிடித்துக்கொண்டதென்றும், பிரேக்கு விளக்கிற்குச் செல்லும் மின்விசையே தண்டின் தடையையும் நீக்குவதாதலின் ஒன்று கெட்டால் மற்றதும் கெடுமென்றும், இத்தனை தடைகளும் ஏதுமறியாச் சிறுவர் ஓட்டுவோர் இருக்கையிலேறித் தண்டை இழுத்து உயிரிழவாதபடி வைக்கப்பட்டனவென்றும் எனக்கு விளக்கினார்.

அன்று மாலை முழுதும் என் மனம் அத்தண்டைப் பற்றியே சுழன்றது. உரிய நிபந்தனைகள் யாவும் நிறைவேறும் வரையில் ஓர் உறுப்பை அசையவொட்டாது தடுத்தல் பூட்டின் தொழில். அத்தண்டு இடும் கட்டளையை ஏற்றுக் கியர்ப்பெட்டியினுள்ளே பற்றும் தகடுகளை இறுக்குவதும் தளர்த்துவதுமோ, அழுத்தப்பட்ட எண்ணெயின் தொழில். 1939ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் ‘ஹைடிராமாட்டிக்’ என்ற பெயருடன் தானியங்கிக் கியர் வெளிவந்தபோது, அப்பெயரின் முற்பகுதியே நீர்மத்தைக் குறிப்பதாயிற்று. பூட்டும் நீர்மவிசையும் ஆகிய இவ்விரண்டு துறையிலும் ஒருங்கே தம் பெயரை நிறுத்திச் சென்றார் ஒருவர் உளர். கியர் என்பதும் மோட்டார் என்பதும் அவர் கனவிலும் காணாதவை. கல்லூரி நூல்நிலையத்தில் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை ஈண்டு எழுதுகின்றேன்.

ஜோஸப் பிராமா 1748ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இங்கிலாந்திலே யார்க்ஷயர் நாட்டில் பார்ன்ஸ்லி நகருக்கு அணித்தாகிய ஸ்டெயின்பரோ என்னுமிடத்துப் பிறந்தார். தந்தையார் ஒரு பிரபுவின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர். சில்க்ஸ்டன் கிராமத்துப் பள்ளியிற் கற்ற சிறிதளவு கல்வியோடு ஜோஸப்பின் படிப்பு முடிந்தது. கலப்பையே அவர்க்கு உரியதென வீட்டார் முடிவு செய்திருந்தனர். ஆனால் பிள்ளையின் கை மரத்துண்டுகளையே நாடிற்று. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மரத்தைக் குடைந்து பிடில் முதலிய இசைக்கருவிகள் செய்வார் என்பர். பதினாறாம் ஆண்டில் அவரது கணுக்கால் ஊறுபட்டது. ஏர் பின்னே நடத்தற்கு அக்கால் உதவாதாயிற்று. தந்தையார் வருந்தினார், ஆயினும் வேறு வழியின்மையின் மகனை ஊர்த்தச்சர் ஒருவரிடம் தொழில் பயில விட்டார். கால் நொந்திராவிடில் யார்க்ஷயரில் மற்றுமோர் உழவர் இருந்திருப்பார். உலகம் அவரை அறிந்திராது.

பயிற்சிக் காலம் முடிந்தபின் பிராமா இலண்டன் மாநகர்க்குச் சென்று, மேசை, பேழை முதலிய மரச்சாமான்கள் செய்யுந் தொழிலில் அமர்ந்தார். அக்காலத்துச் செல்வர் வீடுகளில் நீர் விடும் கழிப்பறைகள் அப்பொழுதுதான் புகுந்துகொண்டிருந்தன. 1775இல் அலெக்ஸாந்தர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலறிஞர் அவற்றிற்குத் தனியுரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். அவற்றை வீடுகளிற் பொருத்தும் வேலை பிராமாவுக்கும் வந்தது. குளிர்காலத்தில் அக்கருவியின் அடைப்பு உறைந்து இறுகிப் பயன்படாதொழிதலை அவர் கண்டார். பக்கவாட்டில் நகரும் அடைப்பை நீக்கிக் கீல் வைத்துத் தொங்கும் மூடியை அமைத்து, 1778இல் தம் பெயரால் தனியுரிமை பெற்றார். இத்தகைய பொருளைக் கல்லூரி இதழில் எழுதுவதா என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நாற்றமும் நோயும் மிகுந்த அந்நாளைய நகரங்களின் நிலையை எண்ணுவோர் நகையார். பிராமா முதலிற் பொருளீட்டியதும், தமக்கெனத் தொழிற்சாலை நிறுவியதும் இதனாலேயாம். 1783இல் தம் ஊர்ப்பக்கத்து மங்கையாகிய மேரி லாட்டன் என்பவரை மணந்து இலண்டனிலேயே குடியமைத்தார். புதல்வர் நால்வரும் புதல்வி ஒருத்தியும் பிறந்தனர்.

இனிப் பூட்டிற்கு வருவோம். அந்நாளில் இலண்டன் மாநகர்க்கு இன்றுள்ளது போன்ற காவற்படை இல்லை; அது 1829இல்தான் ஏற்பட்டது. திருடர்க்கும் வீட்டார்க்கும் இடையே நின்றது கதவும் பூட்டுமே. அப்பூட்டுக்களோ பெயரளவிற் பூட்டுக்கள். பூட்டினுள்ளே வளைந்த தகடுகள் சிலவற்றைத் தடையாக நிறுத்தி, அவற்றைத் தப்பிச் சுழலுமாறு திறவுகோலில் வெட்டுக்கள் இடுவதே பழைய முறை. தடைகளெத்துணை இருப்பினும் அவற்றையெல்லாம் சுற்றிச் செல்லும் மெல்லிய வளைகம்பியொன்று கள்ளனிடம் இருப்பின் காரியம் முடிந்தது. 1778இல் இராபர்ட் பாரன் என்பவர், உள்ளேயுள்ள நெம்பு ஒவ்வொன்றும் மிகையுமின்றிக் குறையுமின்றி உரிய அளவே உயர்த்தப்பட்டாலன்றித் திறவாத பூட்டொன்றை இயற்றினார். அது பெரியதோர் முன்னேற்றம். பிராமா பாரனது பூட்டையும் ஆராய்ந்தார். அதனிலும் சிறந்ததைச் செய்யத் துணிந்தார். 1784இல் தனியுரிமையும் பெற்றார்.

பிராமாவின் பூட்டை யான் ஓவியத்தில் மட்டுமே கண்டேன். அறிந்த அளவில் விளக்குவேன். உருளை ஒன்று; அதனைச் சுற்றி நீளவாக்கில் வெட்டிய பள்ளங்கள்; ஒவ்வொரு பள்ளத்திலும் முன்னும் பின்னும் நகரும் மெல்லிய தகடொன்று; தகடுகளை வெளிநோக்கித் தள்ளி நிற்பதற்கு ஒரு சுருள்வில். உருளையைச் சுழலவொட்டாது தடுக்கும் வட்டத்தகடு குறுக்கே நிற்கும். நகரும் தகடு ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு; ஒவ்வொன்றிலும் ஒவ்வோரிடத்தில் உண்டு. எல்லா வெட்டுக்களும் வட்டத்தகட்டிற்கு நேராக வந்து நின்றாலன்றி உருளை சுழலாது. திறவுகோல் ஒரு சிறு குழாய்; அதன் நுனியில் வெவ்வேறு ஆழமுள்ள பிளவுகள். அக்குழாயை உள்ளே அழுத்தினால் ஒவ்வொரு தகடும் தனக்குரிய ஆழம்வரை தள்ளப்படும், எல்லா வெட்டும் ஒரே நேர்க்கோட்டில் அமையும், பூட்டுத் திறக்கும். ஒரு தகடு மயிரிழை மிகைபடினும் குறைபடினும் திறவாது. தகடுகளின் எண் கூடக் கூடத் திறவுகோல்களின் வகை கோடிக்கணக்கில் பெருகும்.

அறிவாற் கண்டது கையால் இயலவேண்டுமே! ஈண்டுதான் பிராமாவுக்கு இடர் வந்தது. மயிரிழை பிறழாத் தகடுகளை அரத்தால் அராவிச் செய்தல் மிகத் தேர்ந்த கொல்லர்க்கும் அரிது. செய்தாலும் ஒரு பூட்டுக்கு நாட்கள் பல கழியும். விலையோ வாங்குவோர்க்கு எட்டாது. ஆண்டுகள் சென்றன. தக்க கைத்தொழிலாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தவர்க்கு வுல்லிச்சுப் படைக்கலச் சாலையிலுள்ள இளைஞன் ஒருவனைப் பற்றிக் கூறினர். அவ்விளைஞனே ஹென்றி மாட்லே. பன்னிரண்டாம் ஆண்டில் வெடிமருந்து அடைக்கும் வேலைக்குச் சென்று, தச்சு வேலை கண்டு, பின் உலைக்களம் புகுந்து, பதினெட்டு வயதிற்குள் தன்னினும் மூத்தார் வியக்குமாறு தேர்ந்தவன். 1789இல் அவனைக் கண்ட பிராமா, இத்துணை இளையனா என ஐயுற்றார். தொழில்முறைப்படி ஏழாண்டுப் பயிற்சியும் அவனுக்கு இல்லை. பட்டறையில் தேய்ந்து பழுதாய்க் கிடந்த வைசு ஒன்றைக் காட்டி, அதனை மாலை வேலை முடிவதற்குள் செப்பஞ்செய்து தருதலையே மாட்லே தேர்வாக ஏற்றான் என்றும், குறித்த பொழுதிற்கு முன்னரே முடித்துத் தந்தான் என்றும் கூறுவர். யான் அவ்வயதினை இப்பொழுதுதான் கடந்தேன். என் கையால் இதுவரை செப்பஞ்செய்தது ஒரு மிதிவண்டிச் சங்கிலி மட்டுமே என்பதை எண்ணி நாணினேன்.

ஓராண்டிற்குள் மாட்லே பட்டறைத் தலைவரானார். பூட்டுக்களைக் கையாற் செய்தலை விடுத்து, பூட்டின் உறுப்புக்களைச் செய்யும் பொறிகளைச் செய்யத் தொடங்கினார். தகட்டில் வெட்டு இடுதற்கு ஒரு பொறி, உருளையிற் பள்ளம் வெட்டுதற்கு ஒரு பொறி, சுருள்வில் சுற்றுதற்கு ஒரு பொறி என்றிவ்வாறு அங்கே எழுந்தன. கை நடுங்கலாம், கண் பிழைக்கலாம், உறுதியான இரும்பிற் பொருத்திய வெட்டுளி பிழையாது. பிராமாவின் கருத்தும் மாட்லேயின் கையும் கூடியதனால், ஒரே அளவில் எண்ணற்ற உறுப்புக்களைச் செய்யும் வழி பிறந்தது. அவ்விருவருள் இதன் பெருமை யார்க்கு மிகுதி என்பதில் ஆசிரியர்கள் ஒருமிக்கவில்லை. எனக்கோ மாட்லேயின் பங்கே பெரிதெனத் தோன்றுகிறது. ஆயினும், பிழையற்ற வேலையை வேண்டி நின்ற தலைவர் இல்லாவிடில் மாட்லே படைக்கலச் சாலையிலே பீரங்கிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்திருப்பார் என்பதும் மறுக்க இயலாது.

1790ஆம் ஆண்டில் பிராமா செய்த காரியம் நகரத்தாரை வியப்பில் ஆழ்த்திற்று. பிக்கடில்லி வீதியில் 124ஆம் எண்ணுள்ள தம் கடையின் பலகணியில் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். அதனைத் திறக்கவல்ல கருவியைச் செய்து தருவோர்க்கு இருநூறு கினி பரிசு உடனே தரப்படும் என அப்பூட்டின் மீதே பொறித்திருந்தார். கினி ஒன்று இருபத்தொரு ஷில்லிங். திறமை வாய்ந்த மாட்லேயின் வாரக்கூலி முப்பது ஷில்லிங்கே. ஆதலின் அப்பரிசு அவர்க்கு ஏறத்தாழ மூன்றாண்டுக் கூலிக்கு நிகராம். தம் பொருள் நன்றென்று தாமே கூறுவோர் எந்நாட்டும் உளர்; அதனைத் தெருவிலே தொங்கவிட்டு, வல்லவர் வந்து குறை காண்க என அழைப்போர் சிலரே. பிராமா தாம் வாழ்ந்த காலம் முழுதும் அப்பரிசைத் தரவேண்டிய நிலையை அடைந்தாரல்லர்.

பூட்டினால் நிறைந்த புகழோடு அமையாது, அவர் வேறொரு துறையிற் புகுந்தார். அடைத்த பாத்திரத்திலுள்ள நீரின் ஓரிடத்தில் இடப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்னும் உண்மையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டு கூறியிருந்தார். பௌதிகம் பயில்வோர் யாவரும் அறிந்ததே அது. ஒரு சதுர அங்குலப் பரப்புள்ள சிறு உலக்கையைப் பத்து இராத்தல் விசையோடு நீருள் அழுத்தினால், அந்நீரோடு தொடர்புள்ள நூறு சதுர அங்குலப் பேருலக்கை ஆயிரம் இராத்தலைத் தாங்கி எழும். இதில் வஞ்சனை ஏதுமில்லை. சிறியது நூறு அங்குலம் இறங்கினால்தான் பெரியது ஓர் அங்குலம் ஏறும். ஏட்டில் நூற்றைம்பது ஆண்டுகளாக உறங்கிய இவ்வுண்மையைப் பிராமா 1795இல் பொறியாக்கித் தனியுரிமை பெற்றார்.

பெற்றது எளிது, பொறியை வேலை செய்வித்தல் எளிதன்று. பேருலக்கைக்கும் அது நகரும் குழாய்க்கும் இடையேயுள்ள சிறு இடைவெளி வழியே நீர் பீறிட்டு வெளிவந்தது. இறுக அடைத்தாலோ உலக்கை நகர மறுத்தது. விட்டால் நீர் ஒழுகும். பிடித்தால் பொறி நிற்கும். இச்சிக்கலைத் தீர்த்தது ஒரு தோல் வளையம். அதன் குறுக்குவெட்டு, கவிழ்த்த வாய்க்கால் போல வளைந்திருக்கும். நீர் அதன் உட்புறம் புகுந்து இரு விளிம்புகளையும் விரித்து, ஒன்றைச் சுவரின்மேலும் மற்றதை உலக்கையின்மேலும் அழுத்தும். நீரின் விசை மிக மிக அடைப்பும் தானே இறுகும். விசை தளர்ந்தால் அதுவும் தளர்ந்து, உலக்கை தடையின்றி இறங்கும். எதிரியின் வலிமையைக் கொண்டே எதிரியைத் தடுக்கும் இவ்வுபாயத்தைச் சொன்னவரும் மாட்லே என்றே அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். பொறியின் பெயரோ இன்றளவும் பிராமா அழுத்தப்பொறி என்பதே.

இனிக் கூறப்போவது பிராமாவின் வாழ்வில் எனக்கு உவப்பில்லாத பகுதி. மாட்லே எட்டாண்டுகள் அவர்பால் உழைத்தார். அவ்வீட்டுப் பணிப்பெண்ணாகிய ஸாரா என்பவளையே மணந்து மக்களும் பெற்றிருந்தார். குடும்பம் பெருகியதனால் 1797இல் தம் வாரக்கூலியாகிய முப்பது ஷில்லிங்கைச் சற்று உயர்த்துமாறு பணிவோடு வேண்டினார். பிராமா கடுஞ்சொற் கூறி மறுத்தார். மாட்லே ஒன்றும் பேசாது விலகி, ஆக்ஸ்போர்டு வீதிக்கு அருகில் ஒரு சிறு பட்டறை வைத்தார். பின்னாளில் அவர் செய்த திருகுவெட்டும் கடைசல் பொறியும், போர்ட்ஸ்மத் கப்பற்சாலைக்கு இயற்றிய கப்பிசெய் பொறிகளும் இங்கிலாந்தின் தொழிலையே மாற்றின. கோடிக்கணக்கான திறவுகோல் வகைகளை எண்ணத் தெரிந்தவர்க்குச் சில ஷில்லிங்குகளைக் கூட்டத் தெரியாமற் போனது எவ்வாறோ! பிராமாவின் பக்கம் நின்று கூறுவாரும் உளர்: அந்நாளில் முப்பது ஷில்லிங் குறைந்த கூலியன்று, ஒருவர்க்கு உயர்த்தின் அனைவர்க்கும் உயர்த்தல் வேண்டும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் என் உள்ளத்தைத் தொடவில்லை. தம் பூட்டைச் செய்யக்கூடியதாக்கிய கையைத் தாமே வெளியேற்றினார் என்றே கொள்கின்றேன்.

அதே ஆண்டில் அவர் வேறொரு வழக்கிலும் தலையிட்டார். நீராவிப் பொறியாளராகிய ஜேம்ஸ் வாட்டும் அவர் கூட்டாளி போல்ட்டனும், தம் தனியுரிமையை மீறினரென ஹார்ன்புளோவர், மாபர்லி என்பவர்மேல் வழக்கிட்டனர். பிராமா எதிரிகளின் பக்கம் நின்று, வாட்டின் தனியுரிமை தெளிவற்றதென நீதிபதி ஸர் ஜேம்ஸ் அயருக்கு நீண்ட கடிதம் எழுதி அச்சிட்டார். முடிவில் வென்றது வாட்டே. தம் வாழ்நாளில் பதினெட்டுத் தனியுரிமைகள் பெற்ற ஒருவர் மற்றொருவரது தனியுரிமையைத் தகர்க்க முன்வந்தது விந்தையன்றோ! ஆனால் அவர் எழுதியது அழுக்காற்றினாலன்று என்றே எண்ணுகிறேன். ஒன்றைக் கண்டவன் அதனைப் பிறர் செய்து பார்க்கும்படி தெளிவாக எழுதிவைத்தல் வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமுடையவர்.

அவர் இயற்றிய பிற பொறிகளை விரித்தெழுத இடமில்லை. நிலவறையிலுள்ள பீப்பாயினின்று பானத்தை மேலே இறைக்கும் கருவி, ஈயத்தைப் பிதுக்கிக் குழாயாக்கும் முறை, வுல்லிச்சில் வைத்த மரம் இழைக்கும் பெரும்பொறி, இங்கிலாந்து வங்கியின் நோட்டுக்களில் வரிசையெண் அச்சிடும் பொறி (1806), இறகை நறுக்கிப் பல எழுதுமுனைகள் ஆக்கும் பொறி (1809) என்பன அவற்றுட் சில. நோட்டெண் பொறியினால், கையால் எண் எழுதிவந்த எழுத்தர் பலரது உழைப்பு மிச்சமாயிற்று. அவ்வெழுத்தர் அதனை எவ்வாறு கருதினரோ, எந்நூலாசிரியரும் எழுதக் கண்டிலேன். இறுதி நாட்களில் ஜோஸப் கிளமெண்டு என்னும் சிறந்த தொழிலாளரையும் தம்பாற் சேர்த்துக்கொண்டார். மாட்லேயை இழந்தமையால் வந்த குறையை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். இம்முறை ஊதியத்திற் குறை வைக்கவில்லை. அக்கிளமெண்டே பிற்காலத்துச் சார்லஸ் பாபேஜின் கணக்கிடு பொறிக்கு உறுப்புக்கள் கடைந்தவர்.

1814ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஹாம்ஷயர் நாட்டிலுள்ள ஹோல்ட்டு காட்டில், தம் நீரழுத்தப் பொறியினால் பெருமரங்களை வேரோடு பிடுங்கும் வேலையைப் பிராமா தாமே அருகில் நின்று நடத்தினார். முந்நூற்றுக்கு மேற்பட்ட மரங்கள் பிடுங்கப்பட்டன என்பர். அறுபத்தாறு வயதில் குளிர்காற்றில் நின்றமையால் சளியும் காய்ச்சலும் பற்றின. டிசம்பர் 9ஆம் நாள் உயிர் நீத்தார். பாடிங்டன் ஆலயத்தைச் சார்ந்த கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. தொழிற்சாலையைப் புதல்வர் நடத்தினர்.

அவர் மறைந்தும் நீர்விசை வளர்ந்தது. 1849இல் மெனாய் நீரிணையின் மேல் இராபர்ட் ஸ்டீவன்ஸன் கட்டிய இருப்புப் பாலத்தின் மாபெரும் குழாய்களை மேலேற்றியது பிராமாவின் முறையில் அமைந்த அழுத்தப்பொறியே. கரையிற் கட்டப்பெற்று நீரில் இறங்க மறுத்த ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்னும் பெருங்கப்பலை 1858இல் தேம்ஸ் நதிக்குள் தள்ளியதும் நீர்விசையே. இன்று அம்மானது வண்டியில் பிரேக்கை மிதிக்குங்கால் காலின் சிறு விசையைச் சக்கரங்கள் நான்கிற்கும் கொண்டு செல்வதும், கியர்ப்பெட்டியில் தகடுகளை அழுத்துவதும் அதன் வழிவந்தனவே. நீர்க்குப் பதிலாக அங்கே எண்ணெய் உள்ளது.

பூட்டின் கதை இன்னும் முடியவில்லை. பிக்கடில்லியிற் தொங்கிய அப்பூட்டு, தன்னைச் செய்தவர் மறைந்த பின்னும் பலகணியிலேயே இருந்தது. இளைஞர் முதியராயினர், அரசர் மாறினர், இருநூறு கினி அப்படியே கிடந்தது. 1851இல் இலண்டன் ஹைடு பூங்காவில் உலகப் பெரும் பொருட்காட்சி நடந்தது. அதற்கு அமெரிக்காவினின்று ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் பூட்டுத் தொழிலறிஞர் வந்தார். வந்தவர், பெயர்பெற்ற சப் நிறுவனத்துப் பூட்டு ஒன்றை இருபத்தைந்து நிமிடத்தில் திறந்து காட்டினார். நகரம் கலங்கிற்று. அடுத்து அவர் பார்வை பிராமாவின் பூட்டின்மேற் சென்றது. பிராமாவின் நிறுவனத்தார் மறுத்திருக்கலாம்; ஆயினும் இசைந்தனர். நடுவர் மூவர் அமைந்தனர். முப்பது நாள் தவணை தரப்பட்டது. மாடி அறையொன்றில் ஹாப்ஸ் பூட்டோடு தனித்திருந்தார். உருளையின்மேல் இடையறாத சிறு விசையை நிறுத்தி, தகடு ஒவ்வொன்றாய் அசைத்து, எது சிறிதே இறுகுகின்றதெனத் தொட்டுணர்ந்து, அதன் ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டார். அங்கே தகடுகள் பதினெட்டு. பதினாறு நாட்களிற் பரந்த ஐம்பத்தொரு மணி நேர உழைப்பின்பின் பூட்டுத் திறந்தது.

பிராமாவின் நிறுவனத்தார் முதலில் முறையிட்டனர். பூட்டிற் கருவிகளைப் பொருத்தி வைத்துக்கொண்டு பன்னாள் இருந்து திறத்தல் பரிசின் கருத்திற்கு மாறென்றும், கள்ளன் எவனுக்கும் அத்துணைப் பொழுது வாயாதென்றும் வாதித்தனர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பூட்டின்மேற் பொறித்திருந்த சொற்களிற் கால எல்லை குறிக்கப்படவில்லை. நடுவர் ஹாப்ஸுக்குச் சார்பாகவே தீர்ப்புக் கூறினர். இருநூறு கினியும் கொடுக்கப்பட்டது. பிராமா தாமே உயிரோடிருந்திருப்பின் என் செய்திருப்பார்? மாட்லேயிடம் சினந்த பிராமா சினந்திருப்பார். அடைப்பு உறைந்ததைக் கண்ட பிராமாவோ அன்றிரவே விளக்கேற்றி, எத்தகடு எவ்விடத்தில் தன் மறைவை வெளியிட்டதென ஆராயத் தொடங்கியிருப்பார்.

அறுபத்தோராண்டு எவர்க்கும் இணங்காதிருந்து ஒருவர்க்கு மட்டும் இணங்கிய அப்பூட்டு, இப்பொழுது இலண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிச் சாலையில் உளது. இதனை அம்மானுக்கு எழுதினேன். அவர் விடையிலே பூட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பியூஸ் மீண்டும் கருகியதென்றும், பின்விளக்குக்குச் செல்லும் கம்பி ஓரிடத்தில் உரசித் தோல் உரிந்திருந்ததைத் தேடிக் கண்டு சுற்றிவிட்டார் என்றும், தண்டு இப்பொழுது செவ்வனே இறங்குகின்றதென்றும் எழுதியிருந்தார்.